சக்கர் மீனுக்கு வேஃபர் வாங்கப் போகும் முன்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு முன்னறையில் என் தையல் மெஷினும் மூன்றடி மீன் தொட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஜூன் மாதம் பள்ளி யூனிஃபார்ம் சீசனில் இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை தைப்பேன். தொட்டி விளக்கை அணைத்திருப்பேன், மெஷின் விளக்கு மட்டும் எரியும். சக்கர் மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த வெளிச்சத்தில் பார்த்ததுதான்.

எங்கள் முதல் தொட்டி இரண்டடி. நான்கு கோல்ட்ஃபிஷ், கூடவே விரல் நீளத்தில் ஒரு சக்கர். வாங்கும்போது, "இதுக்கு என்ன போடணும் தம்பி?" என்று கேட்டேன். "இன்னாக்கா, சக்கருக்குப் போய்த் தனியா தீனி போடுவாங்களா? கண்ணாடில ஒட்டிக்கினு அழுக்கெல்லாம் அதுவே தின்னுக்கும்" என்றார் கடைத் தம்பி. நம்பினேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு கோல்ட்ஃபிஷின் விலாவில் ஒரு ரூபாய் அளவுக்குச் செதில் போய்ச் சிவந்திருந்தது. நோய் என்று நினைத்துக் கல்லுப்பு போட்டேன், தண்ணீர் மாற்றினேன். ஆறவில்லை. ஒரு ராத்திரி பாவாடைக்கு ஓரம் மடித்து அடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். கோல்ட்ஃபிஷ் அடியில் அசையாமல் கிடக்கிறது. அதன் விலாவில் சக்கர் வாயை வைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியைத் தட்டியதும் விட்டுவிட்டு வந்து முன்பக்கக் கண்ணாடியில் ஒட்டியது. அன்றைக்குத்தான் அதன் வயிற்றைச் சரியாகப் பார்த்தேன். மேல்பக்கம் முழுக்கக் கவசம் மாதிரித் தட்டுகள். அடிவயிற்றில் மட்டும் வெறும் தோல். அந்தத் தோல் உள்ளே இழுத்து, கரண்டிக்குழி போலக் குழிந்திருந்தது. தொட்டியில் இருந்த பாசி முதல் மாதத்திலேயே தீர்ந்துவிட்டது. மிச்ச மூன்று மாதமும் அதற்குச் சோறு போட ஆள் இல்லை. மறுநாளே ஓடிப்போய், சக்கருக்கென்று விற்கும் வேஃபர் என்கிற தீனி வில்லையை வாங்கி வந்து போட்டேன். அது தொடவில்லை. அந்த வாரக் கடைசியில் செத்துப்போனது.

அதற்குப் பிறகுதான் வேஃபர் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் படிக்க ஆரம்பித்தேன். சக்கர் துப்புரவு வேலைக்கு வந்த மீன் இல்லை. அதற்கும் தினம் ஒரு வேளை சாப்பாடு வேண்டும். எந்த வேஃபரை வாங்குவது என்பது எந்த வாய்க்கு வாங்குகிறோம் என்பதில்தான் தொடங்குகிறது.

வேஃபர் என்பது பச்சையும் பழுப்பும் கலந்த தட்டை வில்லை. போட்டதும் நேராக அடியில் போய் உட்கார வேண்டும். கோல்ட்ஃபிஷுக்குப் போடும் மிதக்கும் தீனியைத் தயாரிக்கும்போதே சூட்டிலும் அழுத்தத்திலும் பொரிய விடுகிறார்கள். உள்ளே காற்றுக் கண்கள் இருப்பதால் அது மிதக்கிறது. வில்லையை அப்படிப் பொரிய விடாமல் இறுக அழுத்தி எடுக்கிறார்கள், அதனால் மூழ்குகிறது. சக்கரின் வாய் தலைக்கு அடியில் இருக்கிறது. மேலே மிதப்பதை அதனால் சுலபமாக எடுக்க முடியாது. தலைகீழாகப் புரண்டு தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும் சக்கரைச் சிலர் வேடிக்கை என்று வீடியோ எடுக்கிறார்கள். அது பசியில் படுகிற பாடு.

சரி, யாருடைய வாய்? நம் ஊர்க் கடைகளில் சக்கர் என்று கொடுப்பது பெரும்பாலும் தென் அமெரிக்காவின் பிளெக்கோ வகை. கறுப்பும் பழுப்புமாகப் புலிக்கோடு போட்ட உடம்பு. பாசி, செடி, சின்னப் பூச்சி, அடியில் கிடக்கும் மட்கு எல்லாம் தின்னும். அதற்குப் பாசி வேஃபர் முக்கிய உணவாகப் பொருந்தும். பிரிசில்நோஸ் என்று இன்னொன்று உண்டு. ஆண் மீனுக்கு மூக்கின் மேல் மீசை மாதிரி முளைத்திருக்கும். நான்கைந்து அங்குலத்துக்கு மேல் பெரிதாக வளராது. இது இன்னும் சுத்தமான சைவம், பாசி கூடுதலாக உள்ள வில்லை வேண்டும். தொட்டியில் ஒரு மரக்கட்டை இருந்தால் நாள் முழுக்க அதைச் சுரண்டிக்கொண்டிருக்கும்.

கோரிடோராஸ் விஷயத்தில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். மீசை வைத்து, மணலைக் கிளறிக்கொண்டு கூட்டமாகத் திரியும் சின்ன மீன் அது. அடியில் மேய்வதால் அதுவும் பாசி தின்னும் என்று நினைத்து வெறும் பாசி வேஃபரையே போடுகிறார்கள். கோரிக்கு வேண்டியது புழு, பூச்சி, இறால் சேர்ந்த சாப்பாடு. அதற்கென்று மூழ்கும் குருணைத் தீனி தனியாக வருகிறது, புரதம் கூடுதலாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். சக்கருக்குப் போட்ட வில்லையை அது கொத்தித் தின்பதில் தப்பில்லை, அதை மட்டுமே நம்பி விடுவதுதான் தப்பு.

ஓட்டோசிங்க்ளஸ் என்று சுண்டுவிரலை விடச் சின்னதாக ஒரு பாசி மீன் வரும். பெரும்பாலும் காட்டில் பிடித்துக் கொண்டுவருவது. வில்லையைச் சாப்பாடு என்றே அதற்கு முதலில் தெரியாது. பழைய தொட்டியில், கல்லிலும் இலையிலும் மெல்லிய பாசிப் படலம் பிடித்த பிறகுதான் அதை விட வேண்டும். புதுத் தொட்டிக்கு வாங்கி, வில்லை போட்டால் தின்னுவிடும் என்று நம்பாதீர்கள். செர்ரி இறால் வைத்திருப்பவர்களுக்கு எந்த நல்ல பாசி வில்லையும் சரிவரும், கால் துண்டு போட்டால் கூட்டமாக வந்து மொய்த்துவிடும்.

இப்போது பாக்கெட்டைக் கையில் எடுங்கள். முன்பக்கத்துப் படத்தையும் "ஸ்பைருலினா" என்ற பெரிய எழுத்தையும் விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதை முதலில் போடுவது வழக்கம். பல பாக்கெட்டுகளில் முதல் இரண்டு இடம் மீன் தூளுக்கும் கோதுமை மாவுக்கும்தான். கோதுமை மாவு மாதிரி ஏதாவது ஒட்டும் பொருள் இல்லாமல் வில்லை ஒட்டி நிற்காது, அதனால் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். சாதாரணச் சக்கர் மீன் தூளையும் செரித்துக்கொள்ளும். நான் பார்ப்பது, பாசிப் பொருள் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்பதைத்தான். ஸ்பைருலினா, குளோரெல்லா, கெல்ப் என்கிற கடற்பாசி, அல்ஃபால்ஃபா என்று போட்டிருக்கும் குதிரைமசால், கீரைத் தூள், இவற்றில் ஏதாவது இரண்டு பட்டியலின் முதல் நான்கைந்து பெயருக்குள் வந்துவிட்டால் எடுத்துக்கொள்வேன். மாவு, சோயா, அரிசித் தவிடு, இன்னொரு மாவு என்று போய், வைட்டமின் பெயர்களுக்குப் பக்கத்தில் கடைசியாக ஸ்பைருலினா எட்டிப்பார்த்தால் அது பெயருக்குப் பாசி வேஃபர். அதைத் திருப்பி வைத்துவிடுவேன்.

பட்டியலுக்குக் கீழே எண்கள் இருக்கும். அங்கே ஒரு சின்ன நுணுக்கம். புரதத்துக்கும் கொழுப்புக்கும் பக்கத்தில் "மின்" என்றும், நாருக்கும் ஈரத்துக்கும் சாம்பலுக்கும் பக்கத்தில் "மேக்ஸ்" என்றும் போட்டிருப்பார்கள். புரதம் 33 சதவீதம் மின் என்றால் அதற்குக் குறையாது என்று அர்த்தம். நார் 3 சதவீதம் மேக்ஸ் என்றால் அதற்கு மேல் போகாது என்று அர்த்தம், மூன்று கண்டிப்பாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பாசி வேஃபரில் புரதம் 30லிருந்து 35க்குள் இருப்பது சாதாரணம். 45 என்று பார்த்தால் அது இறைச்சி தின்னும் மீனுக்கானது. பாசி தின்னும் மீனின் குடல் நீளமாகச் சுருண்டிருக்கும், மெதுவாக மேய்ந்து மெதுவாகச் செரிக்கிற உடம்பு அது. கொழுப்பு நான்கைந்துக்குள் நிற்பது நல்லது. சாம்பல் என்பது எரித்தால் மிஞ்சும் தாதுப் பங்கு. மீன் தூளில் முள்ளும் எலும்பும் கூடினால் அந்த எண்ணும் கூடும். இரண்டு பாக்கெட் மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் சாம்பல் குறைந்ததை எடுப்பேன்.

ஸ்பைருலினாவுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுக்கிறேன், காரணம் உண்டு. அது உண்மையில் பாசி மாதிரித் தோன்றும் ஒரு நுண்ணுயிர். உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம். அதனால் பாசி கூடினால் புரதம் குறைந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். புரத எண் ஒன்றாகவே இருக்கும் இரண்டு பாக்கெட்டில், ஒன்றில் அது மீன் தூளிலிருந்தும் இன்னொன்றில் பாசியிலிருந்தும் வரலாம். எண் அதைச் சொல்லாது, பட்டியல்தான் சொல்லும். அதனால்தான் முதலில் பட்டியல், அப்புறம் எண்.

ஹிகாரி, டெட்ரா போன்ற வெளிநாட்டுப் பெயர்களும் நம் நாட்டுத் தயாரிப்புகளும் வேலூர்க் கடைகளில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. பெயரைப் பார்த்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. விலையைப் பாக்கெட்டுக்குப் பாக்கெட் ஒப்பிடாமல் கிராமுக்குக் கிராம் ஒப்பிடுங்கள். அதோடு வில்லை எத்தனை என்றும் பாருங்கள். எதிர்வீட்டு நகைப் பட்டறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தேன். ஒரே எடை உள்ள இரண்டு பாக்கெட்டில் ஒன்றில் வில்லை தடியாக இருந்து எண்ணிக்கை பாதியாக இருந்தது. ஒரே ஒரு சின்னச் சக்கர் வைத்திருக்கிறவருக்குத் தடி வில்லை வீண், பாதி கரைந்து போகும். இன்ச் டேப்பை வைத்துப் பார்த்தால் நான் வாங்குவது குறுக்கே ஒன்றரை சென்டிமீட்டர் வருகிறது, விரலால் உடைத்தால் இரண்டாகப் பிளக்கும். அந்த அளவு எனக்குச் சரி.

சில கடைகளில் பெரிய டப்பாவைப் பிரித்து, ஜிப் கவரில் 50 கிராம், 100 கிராம் என்று கட்டித் தொங்க விடுவார்கள். விலை மலிவுதான். அதில் பட்டியலும் இல்லை, தேதியும் இல்லை. கண்ணாடிக் கவர் வழியாக வெயில் பட்டுக்கொண்டே தொங்கும். நான் வாங்குவதில்லை. தயாரித்த தேதி அச்சிட்ட பாக்கெட்டில் கூட, கடைசித் தேதியைப் பார்த்துத் திருப்தி அடையாமல் தயாரித்த தேதியைப் பாருங்கள். வைட்டமின் சி சூட்டிலும் காற்றிலும் வேகமாகக் கெடும். மீன் எண்ணெய் சிக்குப் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்யும் முதல் வேலை டம்ளர் சோதனை. மீனுக்குப் போடும் முன் ஒரு வில்லையை இதற்காகச் செலவழிப்பது எனக்கு மனசுக்கு ஒத்துப்போகிற செலவு. கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரே எடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், நம் தொட்டித் தண்ணீரில் எப்படி நடக்கிறது என்றுதானே பார்க்கிறோம். டம்ளரை வெள்ளைத் துணியின் மேல் வையுங்கள். என்னிடம் லைனிங் வெட்டிய துண்டுகள் எப்போதும் கிடக்கும். வில்லையைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்.

இரண்டு மூன்று நொடியில் அடிக்குப் போய்விட வேண்டும். ஓரத்தில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டி வில்லை சாய்ந்து மிதந்தால், விரலால் அமுக்கிக் குமிழியை விட்டதும் இறங்கும், அது குறை இல்லை. பத்து வில்லையில் நான்கு மிதந்தால் குறை. ஐந்து நிமிடத்தில் வில்லையின் ஓரம் லேசாக ஊறி, விளிம்பில் ஒரு மெல்லிய பாசி நிற ஓரம் கட்டும். இருபது நிமிடம், அரை மணியில் மேல்பரப்பு மட்டும் இளகும். டூத்பிக்கால் தேய்த்தால் மேலே ஒரு பூச்சு வழன்று வர வேண்டும், நடுப்பகுதி கெட்டியாக இருக்க வேண்டும். சக்கரின் வாய்க்கு இதுதான் தேவை. அது கடிக்கிற மீன் இல்லை, சுரண்டுகிற மீன். உதட்டை வட்டமாக வைத்து, சின்னச் சின்னப் பல்வரிசையால் சுரண்டிச் சுரண்டி எடுக்கும். பத்து நிமிடத்தில் டம்ளரில் மாவாகக் கரைந்துவிட்டால் அதன் வாய்க்குள் போவதை விட ஃபில்டருக்குள் போவதுதான் அதிகம். இரண்டு மணி நேரம் கழித்தும் கூழாங்கல் மாதிரி இருந்தால் அதுவும் உதவாது.

நிறத்தை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். தண்ணீரில் லேசான நீலப்பச்சை இறங்கினால் உடனே சாயம் என்று சொல்லிவிட முடியாது, ஸ்பைருலினாவிலேயே தண்ணீரில் கரையும் நீல நிறமி ஒன்று உண்டு. ஆனால் பாக்கெட்டில் இருக்கும்போதே கிளிப்பச்சையாக மின்னும் வில்லையை நான் நம்புவதில்லை. பாசி நிறைய உள்ள வில்லை கரும்பச்சையாக, கிட்டத்தட்டக் காய்ந்த முருங்கை இலைத் தூள் மாதிரி இருக்கும். மூக்கில் வைத்துப் பாருங்கள். கடற்கரையோரக் கருவாட்டுக் கடை வாசமும் காய்ந்த புல் வாசமும் கலந்து வந்தால் நல்லது. பழைய எண்ணெய்ச் சட்டி வாடை அடித்தால் கொழுப்பு சிக்குப் பிடித்துக் கெட்டுவிட்டது, அதைத் தூக்கிப் போடுங்கள். காசு கொடுத்ததாயிற்றே என்று மீனுக்குப் போட வேண்டாம்.

எங்கள் ஊரில் வாங்குவதை விட வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. சமையலறை அலமாரியில் வைத்த பாக்கெட் ஒரு கத்திரியைத் தாங்காது. ஒரே தொட்டிக்கு 250 கிராம் டப்பா வாங்காதீர்கள். திறந்தால் மூன்று மாதத்தில் தீர்ந்துவிடுகிற அளவே போதும். நான் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பியில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பாக்கெட்டோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் மூடியைத் திறக்கக் கூடாது. அரை மணி வெளியே இருக்கட்டும். குளிர்ந்த டப்பாவை உடனே திறந்தால் உள்ளே ஈரம் வியர்த்து, பூஞ்சை பிடிக்கும். ஈரக் கையால் எடுப்பதும் அதே வினைதான். வெள்ளைப் பொடி மாதிரிப் பூத்திருந்தால் மொத்தமும் குப்பைக்கு.

போடுகிற நேரம் விளக்கணைத்த பிறகு. சக்கர் இரவில் மேய்கிற மீன். பகலில் போட்டால் கோல்ட்ஃபிஷ் நான்கும் சுற்றி நின்று கொத்தித் தின்றுவிடும், சக்கர் கட்டைக்கு அடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். கோல்ட்ஃபிஷுக்கு அதன் தீனியை விளக்கு இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள், அரை மணி கழித்து விளக்கை அணைத்து, சக்கர் ஒளிந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வில்லையைப் போடுங்கள். தினமும் ஒரே இடத்தில். ஒரு வாரத்தில் அதற்குப் பழகிவிடும். எங்கள் பிரிசில்நோஸ் நான் மெஷின் விளக்கைத் திருப்பி வைக்கும் சத்தத்துக்கே கட்டைக்கு வெளியே மூக்கை நீட்டும்.

அளவு? மூன்று அங்குலச் சக்கருக்கு நான் சொன்ன அளவு வில்லையில் பாதி. அரை அடி வளர்ந்ததற்கு ஒன்றிலிருந்து இரண்டு. இது ஆரம்பக் கணக்குத்தான், சரியான கணக்கு காலையில் தொட்டியின் அடியில் தெரியும். மிச்சம் கிடந்தால் அடுத்த நாள் குறையுங்கள், துடைத்து வைத்த மாதிரி இருந்து வயிறும் ஒட்டியிருந்தால் கூட்டுங்கள். வயிற்றைப் பார்ப்பது சுலபம், கண்ணாடியில் ஒட்டும்போது அதுவே காட்டும். தட்டையாகவோ லேசாகப் புடைத்தோ இருக்க வேண்டும். குழிந்திருந்தால் பசி. பந்து மாதிரி உப்பி இரண்டு நாளாக இறங்காமல் இருந்தால் ஒரு நாள் எதுவும் போடாமல் விடுங்கள். புதிதாக வாங்கும்போதும் கடைத் தொட்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சக்கரின் வயிற்றைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஏற்கெனவே குழிந்து போனதை வீட்டில் மீட்டெடுப்பது கடினம், எனக்குத் தெரியும்.

மிஞ்சிய வில்லையைக் காலையில் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். நம் ஊரில் இதை இரண்டு மடங்கு அழுத்திச் சொல்வேன். எங்கள் தெரு போர் தண்ணீர் கடினத் தண்ணீர், கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெள்ளைப் படலம் நிற்கும். சோதனைத் தாளில் பி.எச் 8ஐத் தொடும். அழுகும் தீனியிலிருந்து அம்மோனியா வரும். பி.எச்சும் சூடும் ஏற ஏற அந்த அம்மோனியா மீனுக்கு விஷமாகும் பங்கும் ஏறும். மென்மையான தண்ணீர் உள்ள ஊரில் ஒரு ராத்திரி கிடந்த வில்லை செய்யாத கெடுதலை இங்கே அரை வில்லை செய்துவிடும். காவிரிக் குடிநீர் வரும் வீடுகளில் அதையே தொட்டிக்கும் ஊற்றுவார்கள். அதில் குளோரின் இருக்கும், குளோரின் நீக்கும் சொட்டு மருந்து விடாமல் ஊற்றக் கூடாது.

வெயில் காலத்தில் இன்னொன்று. 25 டிகிரி தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 32 டிகிரியில் அது ஏழேகாலாகக் குறைந்துவிடும், மீனுக்கோ சூட்டில் மூச்சு கூடுதலாக வாங்கும். அழுகும் தீனியும் அதே ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும். சக்கர் சட்டென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காற்றை வயிற்றின் வழியாக உறிஞ்சிக்கொள்ளும் உடம்பு அதற்கு. எப்போதாவது செய்தால் இயல்பு. நிமிடத்துக்கு ஒருமுறை செய்தால் தண்ணீரில் காற்று போதவில்லை. அன்றைக்கு வில்லை போடாதீர்கள். ஏர் பம்பைக் கூட்டி வைத்து, கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் நான் வில்லையை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுகிறேன்.

வாரத்தில் இரண்டு நாள் வில்லைக்குப் பதில் காய்கறி கொடுக்கலாம். நேதாஜி மார்க்கெட்டில் பிஞ்சு வெள்ளரி, சுரைக்காய், பீர்க்கங்காய் எது மலிவோ அது. உப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, தோலைச் சீவி, அரை விரல் தடிமனுக்கு வட்டமாக நறுக்கிக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, ஆறியதும் ஒரு எவர்சில்வர் ஸ்பூனில் குத்தி இறக்குங்கள். ஸ்பூன் கனத்தில் அடியில் நிற்கும். இரவு போட்டுக் காலையில் எடுத்துவிட வேண்டும். எங்கள் பிரிசில்நோஸுக்குச் சுரைக்காய்தான் பிடித்தம். நடுவில் உள்ள விதைச் சதையைச் சுத்தமாகக் குடைந்துவிட்டு வளையல் மாதிரி வட்டத்தை மட்டும் விட்டுவைக்கும். பசலைக்கீரையும் போடலாம், கட்டித் தொங்கவிட வேண்டும், இல்லையென்றால் தொட்டி முழுக்க மிதக்கும். காய்கறி போடுவதால் வில்லையை முழுக்க நிறுத்திவிட வேண்டாம், வெள்ளரியில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

வாங்கும் முன்பே யோசிக்க வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விரல் நீளத்தில் வரும் சாதாரணச் சக்கர் ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு அடிக்கு மேல் வளரும். இரண்டடித் தொட்டியில் அது திரும்பக்கூட முடியாது. அப்போது சிலர் ஏரியிலோ பாலாற்று மடுவிலோ கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தமிழ்நாட்டு ஏரிகளில் ஏற்கெனவே இந்த மீன் பெருகி, மீனவர் வலையை அதன் முள் கிழிக்கிறது. மற்ற மீன்களின் இரையையும் முட்டையையும் தின்கிறது. விற்கவும் முடியாமல் கரையில் வீசுகிறார்கள். சின்னத் தொட்டி வைத்திருப்பவர்கள் பிரிசில்நோஸ் கேட்டு வாங்குங்கள். வேலூரில் கிடைக்காத வாரம், சென்னை கொளத்தூர் பக்கம் போகிறவர்களிடம் சொன்னால் வாங்கி வருவார்கள். என் பையன் அங்கிருந்துதான் ஆக்சிஜன் கவரில் போட்டு, காட்பாடி வரை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

ஊருக்குப் போகும்போது நாலு நாளைக்குச் சேர்த்து நாலு வில்லை போட்டுவிட்டுப் போகும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த சக்கர் இரண்டு மூன்று நாள் சும்மா இருக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. சேர்த்துப் போட்ட வில்லை அழுகினால்தான் ஆகும். நாங்கள் ஒரு வாரம் வெளியூர் போனால், பேட்டர்ன் வெட்டி மிஞ்சிய காகிதத்தில் ஒரு நாளைக்கு அரை வில்லை என்று மடித்து, மேலே கிழமை எழுதி வைத்துவிடுவேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஒருநாள் விட்டு ஒருநாள், இரவு எட்டு மணிக்கு வந்து விளக்கை அணைத்து, அன்றைய பொட்டலத்தைப் பிரித்துக் கட்டைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போவாள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் அடியில் மிச்சம் இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்ப்பாள்.